ஐந்து நிலையா, ஐந்தடுக்கா? கோபுரத்தை எப்படி எண்ணுவது?

மேலத்தெரு:

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு ஆவணியில் கும்பாபிஷேகம். அழைப்பிதழ், கூடவே ஒரு சின்ன தலவரலாற்றுப் புத்தகம், இரண்டும் அச்சுக்குப் போக வேண்டும். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. நான் "ஐந்தடுக்கு ராஜகோபுரம்" என்று எழுதியிருந்தேன். கமிட்டியில் ஒரு பெரியவர் பேனாவை வாங்கி அடித்துவிட்டு "ஐந்து நிலை" என்று மேலே எழுதினார். அடுக்கு என்பது பாத்திரத்துக்குச் சொல்வது, கோபுரத்துக்குச் சொல்லக் கூடாது என்கிறார். இன்னொருவர் அதெல்லாம் இல்லை, ஐந்து என்பதே தப்பு, நன்றாக எண்ணிப் பார், நாலுதான் வருகிறது என்று புதுச் சண்டையை ஆரம்பித்துவிட்டார். நேற்று மாலை வாசலில் நின்று நானும் அண்ணாந்து எண்ணினேன். சன்னல் மாதிரி நடுவில் இருக்கிற திறப்புகளை எண்ணினால் ஒரு கணக்கு, பொம்மை வரிசைகளை எண்ணினால் வேறு கணக்கு.

என் கேள்வி இதுதான். நிலை என்றால் சரியாக எது? கீழே இருக்கிற கல் கட்டு அதில் சேருமா? உச்சியில் வண்டிக்கூடு போல இருப்பதும் ஒரு நிலையா? அப்புறம், உள்ளே கருவறைக்கு மேல் இருக்கிற விமானத்தையும் "இரண்டு நிலை விமானம்" என்று எழுதலாமா, அதற்கு வேறு சொல் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வியாழக்கிழமைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.


தேரடி:

பெரியவர் சொன்னதில் பாதி சரி. கோபுரத்துக்கு நிலை என்பதுதான் வழக்கு. ஸ்ரீரங்கம் பதின்மூன்று நிலை, திருவண்ணாமலை பதினொரு நிலை, மதுரையில் வெளிச்சுற்று நான்கும் ஒன்பது நிலை, சிதம்பரத்தில் நான்கும் ஏழு நிலை. யாரும் "பதின்மூன்றடுக்கு ஸ்ரீரங்கம் கோபுரம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அடுக்கு என்றால் இலக்கணப் பிழை, அபசாரம் என்றெல்லாம் இல்லை. செய்தித்தாளில் சில நேரம் அப்படியும் வரும், படிப்பவருக்குப் புரியும். கோயில் அழைப்பிதழில் மட்டும் கொஞ்சம் அந்நியமாக இருக்கும், அவ்வளவுதான். "ஐந்து நிலை ராஜகோபுரம்" என்றே போடுங்கள். "ஐந்து நிலைகளைக் கொண்ட" என்று நீட்டவும் வேண்டாம்.

எண்ணிக்கைக்குச் சுலப வழி, கலசத்தை எண்ணுங்கள். நிலைக்கு ஒரு கலசம்.


சாந்துக்கரண்டி:

கலசத்தை எண்ணுங்கள் என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பல கோயில்களில் பொருந்தும், அது வழக்கம்தான். ஆனால் மேலே தேரடி அவரே சொன்ன சிதம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஏழு நிலை, கலசம் பதின்மூன்று. கலசம் உச்சிக் கூரையின் நீளத்தையும் மரபையும் பார்த்து வைப்பது, அதை வைத்துக் கட்டடத்தை எண்ணக் கூடாது.

நான் ஸ்தபதி இல்லை, ஆனால் திருப்பணி வேலைகளில் சுதைக்காரர்களோடு சாரத்தில் ஏறி இறங்கிய பழக்கம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். கோபுரத்தைக் கீழிருந்து பார்த்தால் முதலில் உபபீடம் என்ற அடிப்பீடம், அதன்மேல் அதிஷ்டானம் என்ற மேல்பீடம், அதன்மேல் சுவர், சுவரில் அரைத்தூண்கள், கோஷ்டங்கள் என்ற மாடங்கள். சுவருக்கு மேல் பிரஸ்தரம், அதாவது கூரை வரிசை. அதில் வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருப்பதுதான் கொடுங்கை. இதுவரைக்கும் பெரும்பாலும் கருங்கல், இந்தப் பகுதியைக் கல்காரம் என்பார்கள். பழைய பெரிய கோபுரங்களில் கல்லே சுவர்மேல் சுவராக இரண்டு வரிசை போவதும் உண்டு. அதற்கு மேல் செங்கல், சுண்ணாம்பு, சுதை. மேலே போகப் போகப் பாரத்தைக் குறைக்க வேண்டும் இல்லையா, அதனால்தான் கல்லை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது நிலை. ஒரு சுவர் வரிசை, அதற்கு ஒரு கூரை வரிசை, இரண்டும் சேர்ந்தது ஒரு நிலை. அந்தக் கூரை விளிம்பில் மூலைக்கு மூலை சதுரமாகக் கர்ணகூடு, நடுவில் நீளமாகச் சாலை, இடையில் பஞ்சரம் என்று குட்டிக் கோயில்களை வரிசையாகப் பார்க்கலாம். அந்த வரிசைக்குப் பின்னால் கொஞ்சம் உள்வாங்கி அடுத்த சுவர் எழும்பும், அது அடுத்த நிலை. இப்படியே சுருங்கிச் சுருங்கி மேலே போகும். நடுவில் வாசல் போன்ற திறப்பு, இரண்டு பக்கமும் துவாரபாலகர், இது நிலைக்கு நிலை திரும்ப வரும். ஆகவே பொம்மை வரிசையை எண்ணாதீர்கள். ஒரே நிலையில் சுவரில் ஒரு வரிசை, கூரை விளிம்பில் ஒரு வரிசை என்று பொம்மைகள் இருக்கும், கணக்கு இரட்டிப்பாகும். கொடுங்கையை எண்ணுங்கள். எத்தனை கொடுங்கையோ அத்தனை கூரை, எத்தனை கூரையோ அத்தனை நிலை.

கடைசி நிலைக்கு மேல் கழுத்து வரும், கிரீவம் என்பது அதைத்தான். அங்கேயும் சுதைப் பொம்மைகள் நெருக்கமாக இருப்பதால் அதையும் ஒரு நிலை என்று எண்ணிவிடுவார்கள். அது நிலை இல்லை. நீங்கள் வண்டிக்கூடு என்றீர்களே, அது சிகரம். கோபுரத்துக்குச் சிகரம் சாலை வடிவம், அதாவது நீளவாக்கில் வளைந்த கூரை, இரண்டு முனையிலும் மகாநாசி என்ற லாட வளைவு, அதன் நெற்றியில் சிங்க முகம் போன்ற கீர்த்திமுகம். அதுவும் நிலைக் கணக்கில் சேராது.


மேலத்தெரு:

ரொம்ப நன்றி சாந்துக்கரண்டி அண்ணா. கொடுங்கை என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் கண்ணில் படுகிறது. ஆனால் முக்கியமான இடத்தை விட்டுவிட்டீர்களே, கல்காரத்தின் கொடுங்கையையும் சேர்த்து எண்ணுவதா? அதைச் சேர்த்தால் ஐந்து, விட்டால் நாலு. எங்கள் ஊர்ச் சண்டையே அதில்தான்.


பழஞ்சுவடி:

சேர்க்க வேண்டும். சிற்ப நூல் முறையில் தரைமட்டத்தில் உள்ளதுதான் ஆதிதளம், முதல் தளம். அங்கிருந்துதான் எண்ணிக்கையே தொடங்குகிறது. இது விமானத்தை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். விமானத்துக்கு அடிப்படை உறுப்பு ஆறு: அதிஷ்டானம், சுவர், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி (உச்சிக் கலசம்). இந்த ஆறும் மட்டும் இருந்தால் அது ஒருதள விமானம், ஏகதளம். மேலே ஒன்றும் அடுக்கவில்லை, ஆனாலும் பூஜ்யதளம் என்று சொல்வதில்லை, ஒருதளம் என்கிறோம். அப்படியென்றால் கருவறைச் சுவரே முதல் தளம் என்றுதானே பொருள். இன்னொரு சுவரும் இன்னொரு பிரஸ்தரமும் நடுவில் நுழைந்தால் இருதளம், உறுப்பு எட்டாகும். தளம் ஒன்று கூடினால் உறுப்பு இரண்டு கூடும்.

கோபுரத்தில் மட்டும் சிக்கல் வருவதற்குக் காரணம், கீழ்ப்பகுதி வாசலாக இருப்பதால் மக்கள் அதைக் கட்டடத்தின் மாடியாக நினைப்பதில்லை. ஊரில் பலர் வாசலுக்கு மேலே தெரிகிற திறப்புகளை மட்டும் எண்ணுவார்கள். கழுத்தில் உள்ள திறப்பையும் விவரம் தெரியாமல் சேர்த்துக்கொள்வார்கள். கீழே ஒன்றை விட்டு, மேலே ஒன்றைக் கூட்டினால் விடை சரியாக வந்துவிடும்! அதனால் இந்தச் சண்டை பல ஊரில் வெளியே தெரியாமலேயே போய்விடுகிறது. உங்கள் ஊரில் நாலு என்றவர் கழுத்தைச் சரியாக விட்டுவிட்டார், ஆனால் கீழே வாசல் நிலையையும் எண்ணாமல் விட்டுவிட்டார்.

விமானத்துக்கு நீங்கள் கேட்ட சொல் தளம்தான். "இருதள விமானம்" என்று எழுதுங்கள். சிகரம் வட்டமாக இருந்தால் வேசரம், எண்பட்டையாக இருந்தால் திராவிடம், சதுரமாக இருந்தால் நாகரம், அதையும் சேர்த்து "இருதள வேசர விமானம்" என்று போட்டால் விஷயம் தெரிந்தவர்களுக்கு ஒரே வரியில் எல்லாம் புரிந்துவிடும்.


நல்லூர் வீதி:

எங்கட பக்கம் கோபுரத்துக்கே தளம் என்றுதான் சொல்வது வழக்கம். யாழ்ப்பாணத்தில் "பஞ்சதள இராஜகோபுரம்", "நவதள இராஜகோபுரம்" என்றுதான் கும்பாபிஷேக மலர்களிலும் பத்திரிகைகளிலும் போடுவார்கள். நல்லூரில் தெற்குப் பக்கம் 2011இல் கட்டி முடித்ததும், வடக்குப் பக்கம் 2015இல் முடித்ததும் இரண்டும் நவதளம். பேச்சில் ஒன்பது தட்டு என்றும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே நிலை கோபுரத்துக்கு, தளம் விமானத்துக்கு என்று கோடு கிழித்து வைப்பது தமிழ்நாட்டுப் பழக்கம், பொது விதி போலச் சொல்ல வேண்டாம். எங்களுக்கு "தேர் நிலைக்கு வந்துவிட்டது" என்னும்போதுதான் நிலை நினைவுக்கு வரும்.


தேரடி:

நல்லூர் வீதி சொல்வது புதிதாக இருக்கிறது, நல்லது. தேர்நிலை இங்கேயும் அதேதான், என் பெயரே அதற்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. அதோடு வீட்டு வாசலுக்கு மரச்சட்டம் வைப்பதும் நிலைதான், நிலைக்கதவு, நிலைவாசல். கோபுரத்தில் தட்டுக்குத் தட்டு ஒரு வாசல் இருப்பதால்தான் நிலை என்று பெயர் வந்திருக்குமோ?


பழஞ்சுவடி:

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. இன்றைய உயரமான கோபுரங்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே வீட்டு மாடிக்கு நிலை என்ற சொல் இருந்திருக்கிறது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் தலைவி இருக்கும் இடம் "எழுநிலை மாடம்". ஏழு மாடி வீடு. ஏழு என்பது இங்கே எழு என்று குறுகியிருக்கிறது, எழுபது என்பது போல. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் இருப்பது "நெடுநிலை மாடத்து இடைநிலம்", அதாவது பல மாடி வீட்டின் நடு மாடி. அங்கே மாடியை நிலம் என்றே சொல்லிவிட்டார் பாருங்கள். நிலை, நிலம், தளம் எல்லாம் கால் ஊன்றி நிற்கிற இடம் என்ற எண்ணத்தைச் சுற்றியே வருகின்றன. அடுக்கு அப்படியில்லை, அது ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதை மட்டும் சொல்கிறது, நிற்க இடம் இருக்கிறதா என்று கவலைப்படாது. பாத்திரத்துக்குச் சொல்வது என்று அந்தப் பெரியவர் சொன்னது எரிச்சலாகத் தோன்றினாலும் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது அவருக்கு.


கொத்தளம்:

இங்கேதான் எனக்கு ஒரு முரண் தெரிகிறது. நிற்க இடம் என்கிறீர்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் யார் நிற்கிறார்கள்? உள்ளே வெற்றிடம். 216 அடி விமானத்துக்குப் பதின்மூன்று தளம் என்று சொல்கிறோம், மேலே சாய்ந்த பகுதிக்குள் பார்த்தால் ஒரு தளமும் கிடையாது, சுவர் நாலு பக்கமும் சாய்ந்து மேலே போய்க் கூடுகிறது. பதின்மூன்று என்ற எண்ணும் நூலுக்கு நூல் மாறுகிறது. அடியில் செங்குத்தாக இரண்டு வரிசைச் சுவர் இருக்கிறது, மேலே சாய்ந்து போகும் பகுதியை மட்டும் எண்ணுகிறவருக்கு ஒரு எண், அடியையும் சேர்ப்பவருக்கு வேறு எண். ஆகவே தளம், நிலை எல்லாம் வெளியே தெரிகிற வரிசைக்குப் பெயர், உள்ளே மாடி இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பதே என் கட்சி.

எதிர்ப்பக்கமும் உதாரணம் இருக்கிறது, மறைக்கவில்லை. காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில், நந்திவர்ம பல்லவமல்லன் கட்டியது, மூன்று தளத்திலும் மூன்று கருவறை, இருந்த, கிடந்த, நின்ற கோலம். உத்திரமேரூர் சுந்தரவரதர் அதே மாதிரி, மதுரை கூடலழகரும் மூன்று தளத்திலும் சன்னதி உள்ளதுதான். மாமல்லபுரத்தில் தர்மராஜ ரதம் மூன்று தளம், ஏறிச் சுற்றிவர வழியே செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அதே வரிசையில் பீம ரதம் ஒரே தளம், நீளமான சாலைக் கூரை, இன்றைக்கு எல்லாக் கோபுர உச்சியிலும் நாம் பார்க்கிற வடிவம் அதுதான். திரௌபதி ரதத்தைத் தளக்கணக்கில் எப்படி வைப்பீர்கள்? அது குடிசை, கூரை மட்டும்தான், கொடுங்கையே இல்லை.


பழஞ்சுவடி:

கொத்தளம் சொல்வதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, வெளித்தோற்றம்தான் அளவுகோல். நான் சொன்னது சொல் எங்கிருந்து வந்தது என்பதை. வீட்டு மாடிக்கு இருந்த சொல் கோயிலுக்குப் போனபோது மாடி போய் வரிசை மட்டும் மிஞ்சிவிட்டது.


சாந்துக்கரண்டி:

கோபுரங்கள் பலவற்றில் உள்ளே மாடி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறுகலான படி, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தளம், திறப்பு வழியே காற்றும் வெளிச்சமும், வௌவால் நாற்றம் தனி. ஆனால் படி எத்தனை இடத்தில் நின்று திரும்புகிறது என்பதை வைத்தும் எண்ணக் கூடாது. வெளியே கொடுங்கை, அது ஒன்றுதான் கணக்கு.

இன்னொன்று, நிலை என்பதை உயரமாக நினைத்துக்கொள்கிறார்கள். திருவண்ணாமலையும் பதினொரு நிலை, மன்னார்குடியும் பதினொரு நிலை. முதலாவது 217 அடி, இரண்டாவது 150 அடி சொச்சம். மதுரை தெற்குக் கோபுரம் ஒன்பது நிலை 160 அடி, திருச்செந்தூர் ஒன்பது நிலை 137 அடி. அடிப்பீடம் எவ்வளவு அகலமோ, ஒவ்வொரு நிலையும் எவ்வளவு சுருங்குகிறதோ அதைப் பொறுத்தது உயரம். நாங்கள் ஏழு நிலை கட்டுகிறோம், பக்கத்து ஊர் ஐந்துதான் என்று பெருமை பேசுகிற கமிட்டிக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.


தேரடி:

ஒற்றைப்படையில்தான் நிலை வைக்க வேண்டும் என்கிறார்களே, அது விதியா? கர்நாடகத்தில் முருதேஸ்வரர் கோயிலில் இருபது நிலை, லிப்ட் வைத்துப் பதினெட்டாவது மாடி வரை ஏற்றிவிடுகிறார்கள்.


சாந்துக்கரண்டி:

3, 5, 7, 9, 11, 13 என்பது நம் பக்கத்து மரபு, நான் பார்த்த திருப்பணிகளில் யாரும் மீறியதில்லை. முருதேஸ்வரத்தை நான் கோபுர வடிவத்தில் கட்டிய மாடிக் கட்டடம் என்றுதான் சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 237 அடி, கான்கிரீட், லிப்ட். எழுநிலை மாடம் என்ற பழைய பொருளுக்கு அதுதான் கிட்டத்தில் வருகிறது என்று பழஞ்சுவடி சொன்னாலும் சொல்வார்.


கொத்தளம்:

தஞ்சையில் இன்னொரு வேடிக்கை. வெளிக் கோபுரமான கேரளாந்தகன் திருவாயில் ஐந்து நிலை, உள்ளே ராஜராஜன் திருவாயில் மூன்று நிலை, அதற்கும் உள்ளே விமானம் பதின்மூன்று தளம். உள்ளே போகப் போகக் கோபுரம் குறைந்து, நடுவில் விமானம் மட்டும் எல்லாவற்றையும் மீறி நிற்கிறது. பிற்காலத்தில் இது தலைகீழாகிவிட்டது. வெளிவாசல் கோபுரம் பதினொன்று, பதின்மூன்று என்று ஏறிக்கொண்டே போக, கருவறை விமானம் ஒருதளம் இருதளத்தோடு நின்றுவிட்டது. எங்கே நிலை அதிகம் என்று பார்த்தாலே அந்தக் கோயில் ஏறக்குறைய எந்தக் காலத்தில் வளர்ந்தது என்று ஊகிக்கலாம்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரமே பல நூற்றாண்டு கல்காரத்தோடு நின்றுபோனதுதானே, அப்போது அதை ராயகோபுரம் என்றுதான் சொல்வார்கள். 1987இல்தான் பதின்மூன்று நிலையும் முடிந்து 236 அடி ஆனது. நிலை எழாமல் அடி மட்டும் நிற்கிற ராயகோபுரங்கள் இன்னும் மதுரையில் புதுமண்டபத்துக்குக் கிழக்கே ஒன்று, அழகர்கோயிலில் ஒன்று. மதுரை வடக்குக் கோபுரம் இன்னும் சுவாரசியம். நெடுநாள் முடிக்கப்படாமல் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில் நகரத்தார் ஒன்பது நிலையையும் முடித்தார்கள். ஆனாலும் ஊர் அதை மொட்டைக் கோபுரம் என்று சொல்வதை நிறுத்தவில்லை.


மேலத்தெரு:

எல்லோருக்கும் நன்றி. அழைப்பிதழில் "ஐந்து நிலை ராஜகோபுரம்", புத்தகத்தில் "இருதள வேசர விமானம்" என்று போடப் போகிறேன். சிகரம் வட்டம்தான், காலையில் போய்ப் பார்த்துவிட்டேன். நாலு என்று சொன்னவரிடம் கல்காரக் கொடுங்கையைக் காட்டினேன், அப்படியானால் பிள்ளையார் சன்னதிக்கும் ஒருதள விமானம் என்று தனியாக எழுத வேண்டும் என்கிறார்.


பழஞ்சுவடி:

எழுதுங்கள், அவர் சொல்வது சரிதான். "ஒருதள" சேர்த்து எழுதுங்கள், "ஒரு தள" என்று பிரித்தால் அச்சகத்தில் வரி உடையும்போது அசிங்கமாக இருக்கும்.


சாந்துக்கரண்டி:

மெய்ப்பு வந்ததும் "கொடுங்கை" "கொடுங்கனை" ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கத்துப் புத்தகம் ஒன்றில் அப்படித்தான் அச்சாகி வந்தது.